பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன் நக்கிளைப் பிரித்து மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பக்கமும் ஒரே கட்டையான ஆக்சில், அதன் இரு முனையிலும் இரும்புப் பந்து, பந்தை மூடியபடி திரும்பும் நக்கிள். இந்த அமைப்பில் வந்த பழைய வண்டிகளுக்கானது இந்தப் பக்கம். டொயோட்டா லேண்ட் குரூசரின் 40, 60 வரிசைகளையும் கட்டை ஆக்சிலோடு வந்த ஹைலக்ஸ் பிக்கப்களையும் மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பழைய ஜீப், லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்கான வேறுபாடுகள் கடைசிப் பகுதியில் உள்ளன.

முன் சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாக எண்ணெய் வழிகிறது. பந்தைச் சுற்றியிருக்கும் வெளி சீலை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. ஆனாலும் பலர் அதைத்தான் செய்கிறார்கள், சில மாதத்தில் மறுபடி வழிகிறது. வெளியே தெரியும் அந்த ரப்பரும் ஃபெல்ட்டும் பந்தின் மேலிருக்கும் தூசியைத் துடைக்க வைத்தவை. கெட்டியான கிரீஸை ஓரளவு தடுத்து நிறுத்தும், அவ்வளவே. தண்ணியாக ஓடும் எண்ணெயை அவற்றால் தடுக்க முடியாது.

வழிவதைத் தொட்டு விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் கலந்த கறுப்பில் கூழாக, கியர் ஆயிலின் அந்தக் கந்தக வாடையோடு இருந்தால், டிஃபரன்ஷியல் ஆயில் ஆக்சில் குழாய் வழியே வந்து நக்கிளுக்குள் இருக்கும் கிரீஸைக் கரைத்துவிட்டது என்று அர்த்தம். அதாவது குழாயின் முனையில், பந்துக்கு உள்ளே இருக்கும் உள் சீல் போய்விட்டது. சரி, உள் சீல் ஏன் போனது? வயதாகிப் போனதென்றால் கவலையில்லை. ஆனால் பெரும்பாலும் நக்கிள் பேரிங் தேய்ந்து நக்கிள் சற்று இறங்கியிருக்கும். நக்கிள் இறங்கினால் ஆக்சில் ஷாஃப்ட்டும் மையம் விலகும். சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இடைவெளி விடும். அங்கே எத்தனை புது சீல் போட்டாலும் அதே கதிதான்.

இதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஆக்சில் பிரீதர், அதாவது ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று வெளியே போக வைத்த சிறு வழி. சேறு அடைத்து மூச்சு நின்ற பிரீதர் இருந்தால், ஆக்சில் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். ஐந்து நிமிட வேலை. கழற்றி வாயால் ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நக்கிளுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது?

வெளியிலிருந்து உள்ளே போனால்: ஹப், அதில் இரண்டு வீல் பேரிங், ஹப் உட்காரும் ஸ்பிண்டில், அதன் உள்வாயில் ஒரு வெண்கல புஷ், நக்கிள் உடல், அதற்குள் பிர்ஃபீல்ட் ஜாயின்ட், மேலும் கீழும் ஒவ்வொரு டேப்பர் ரோலர் பேரிங், பின்னால் வெளி சீல். நக்கிள் திரும்புவது அந்த மேல், கீழ் பேரிங்குகளின் மீதுதான். அவற்றின் கப் (உருளைகள் ஓடும் வெளி வளையம்) இரண்டும் பந்துக்குள் அடித்து உட்கார வைக்கப்பட்டிருக்கும்.

பிர்ஃபீல்ட் என்று எல்லோரும் அழைப்பது ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் செப்பா 1920களில் உருவாக்கிய ஜாயின்ட் வகையைச் சேர்ந்தது. கிண்ணம், நட்சத்திரம், இரண்டுக்கும் நடுவில் கூண்டு, கூண்டில் ஆறு குண்டுகள். சாதாரண யுனிவர்சல் ஜாயின்ட் வளைந்து சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இதில் குண்டுகள் எப்போதும் இரு ஷாஃப்ட்டின் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்பதால் வேகம் சீராகப் போகும். முன் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்ட முடிவது அதனால்தான்.

பிரிக்காமலே நக்கிள் பேரிங் நிலையைத் தெரிந்துகொள்ள முடியுமா?

பெருமளவு முடியும். ஆக்சிலை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்கா, நக்கிள் பேரிங்கா என்ற குழப்பம் வரும். இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் ஹப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங் லூஸ். மறையாமல் பந்துக்கும் நக்கிளுக்கும் நடுவே அசைவு தெரிந்தால் நக்கிள் பேரிங்.

இரண்டாவது அறிகுறியை ஓட்டும்போதே உணரலாம். நேராகப் போகும்போது ஸ்டியரிங் நடுவில் எதிலோ உட்கார்ந்துகொள்வது போலவும், சிறிது திருப்பினால் அதிலிருந்து ஏறி வெளியே வருவது போலவும் இருக்கும். வண்டி வாழ்நாளில் பெரும்பகுதி நேராகத்தான் ஓடுகிறது. பேரிங் உருளைகள் அதே இடத்தில் நின்றபடி ஒவ்வொரு குழியின் அடியையும் வாங்குகின்றன. கப்பைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உருளைகள் நின்ற இடமெல்லாம் மெல்லிய கோடு கோடாகப் பள்ளம் தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தை ஓட்டினால் தட்டும். தட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் கையை உதறுகிற அளவுக்கு முன்பக்கம் நடுங்குவதற்கும் இந்தப் பேரிங்கில் இறுக்கம் போனது ஒரு முக்கியக் காரணம். ஸ்டியரிங் டாம்பர் போட்டு அதை அமுக்குகிறவர்கள் உண்டு. நோய் உள்ளேயே இருக்கும்.

என்னென்ன கருவி, என்னென்ன சாமான் தேவை?

வழக்கமான ஸ்பேனர், சாக்கெட், டார்க் ரெஞ்ச் தவிர, டொயோட்டாவுக்கு ஹப் நட்டைக் கழற்ற 54 மி.மீ. சாக்கெட் கட்டாயம். உளியும் சுத்தியலும் வைத்து அந்த நட்டைத் தட்டிக் கழற்றுவது பழைய பழக்கம். முன்பு யார் எப்படி வேலை செய்தார்கள் என்பது நட்டின் ஓரத்தைப் பார்த்தாலே தெரியும். அப்படி அடிபட்ட நட்டை மாற்றிவிடுங்கள். பித்தளைக் கம்பி ஒன்று, பித்தளை அல்லது செம்புச் சுத்தியல், இரு நக்கிள்களையும் இணைக்கும் டை ராட்டின் முனையைக் கழற்றும் புல்லர், சர்க்ளிப் பிளையர், மீன் நிறுக்கிற மாதிரியான ஸ்பிரிங் தராசு. இந்தத் தராசை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சாமான்களில் ஒரு விஷயம்: நக்கிள் கிட் என்று விற்பதில் பெரும்பாலும் சீலும் கேஸ்கெட்டும்தான் இருக்கும், பேரிங் இருக்காது. பிரித்துப் போட்டபின் அது தெரிந்தால் வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கும். நக்கிள் பேரிங் நான்கு, ஹப் சீல், ஹப் லாக் வாஷர், ஸ்பிண்டில் கேஸ்கெட் எல்லாம் கையில் வந்தபின் முதல் போல்ட்டைத் தொடுங்கள்.

பிரிக்கும்போது எங்கே மாட்டிக்கொள்வோம்?

கூம்பு வாஷரில். ஹப்பின் முகத்திலும் ஸ்டியரிங் ஆர்மிலும் ஸ்டட்டைச் சுற்றி, ஒரு பக்கம் பிளந்த சிறு கூம்புகள் இறுகப் பொதிந்திருக்கும். நட்டைக் கழற்றியபின் அவை தானாக வராது. ஸ்குரூடிரைவரால் நெம்பினால் வாய் உடையும். நட்டை ஸ்டட்டின் முனைக்குச் சமமாகத் திருப்பி வைத்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஆர்மின் பக்கவாட்டில் ஸ்டட்டுக்கு அருகே கனமான பித்தளைச் சுத்தியலால் சுருக்கென்று அடியுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஓர் அடியில் ‘டிக்’ என்று கூம்பு மேலெழும்பும். ஸ்டட்டின் தலையிலேயே அடித்துக்கொண்டிருந்தால் மரை நசுங்கும்.

பிரேக் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக்கூடாது. பழைய பிரேக் தூசியைக் காற்றால் ஊத வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், ஈரத்துணியால் துடைப்பதே நல்லது. ஆக்சில் ஷாஃப்ட்டை உருவும் முன், வேலை செய்யும் பக்கத்தைக் கொஞ்சம் உயரமாக ஜாக்கி வையுங்கள். இல்லாவிட்டால் டிஃபரன்ஷியல் ஆயில் குழாய் வழியே உங்கள் மடியில் வரும். பிர்ஃபீல்ட்டின் விளிம்பில் தட்டையான பகுதி உண்டு. அதை மேலே வருமாறு திருப்பிக்கொண்டு இழுத்தால்தான் ஷாஃப்ட் நக்கிளைத் தாண்டி வெளியே வரும்.

கழுவுவதுதான் இந்த வேலையில் பாதி. மண்ணெண்ணெயும் பழைய துணியும் தாராளமாக இருக்கட்டும்.

ஷிம் ஷிம் என்கிறார்களே, அதில் என்ன அவ்வளவு இருக்கிறது?

இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. மேலே ஸ்டியரிங் ஆர்முக்கு அடியிலும் கீழே பேரிங் மூடிக்கு உள்ளேயும் மெல்லிய தகடுகள் இருக்கும். அவை இரண்டு வேலை செய்கின்றன. மேல், கீழ் ஷிம்களின் மொத்தத் தடிமன் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. அந்த மொத்தத்தை மேலுக்கும் கீழுக்கும் எப்படிப் பிரித்தோம் என்பது நக்கிள் ஆக்சிலின் மையத்தில் நிற்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது.

பலருக்குத் தலைகீழாகப் புரிவது இது: ஷிம் கூட்டினால் பேரிங் லூஸாகும். ஆர்மையும் மூடியையும் அது வெளியே தள்ளுவதால் பேரிங் மீதான அழுத்தம் குறைகிறது. இறுக்க வேண்டுமென்றால் ஷிம்மை எடுக்க வேண்டும்.

ஆகவே பிரிக்கும்போதே மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு உறைகளில் தனித்தனியாகப் போட்டு எழுதிவையுங்கள். மைக்ரோமீட்டரால் அளந்த தடிமனையும் உறையின் மேலேயே குறித்துவிடுங்கள். அதே ஆக்சில், அதே நக்கிள், அதே அளவுப் புது பேரிங் என்றால் பழைய ஷிம்களைப் பழைய இடத்திலேயே வைத்துத் தொடங்கலாம். தொழிற்சாலையில் அந்த ஜோடிக்கென்று அளந்து போட்டவை அவை. சில நக்கிள்களில் ஒரு பக்கம் ஷிம்மே இருக்காது. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகுதான் தராசு. ஆக்சில் ஷாஃப்ட் இல்லாமல், டை ராட் மாட்டாமல், வெளி சீலைப் பூட்டாமல், பேரிங்கில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஆர்மையும் மூடியையும் முறைப்படி இறுக்குங்கள். நக்கிளைப் பலமுறை முழுக்க இரு பக்கமும் திருப்பி பேரிங்கை உட்காரவிடுங்கள். ஆர்மின் முனைத் துளையில் தராசை மாட்டி, ஆர்முக்குச் செங்குத்தாக இழுத்து, நக்கிள் நகரத் தொடங்கும் கணத்தில் காட்டும் எடையைப் படியுங்கள். கட்டை ஆக்சில் ஹைலக்ஸில் அது 3 முதல் 6 கிலோ வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்குக் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைவாக வந்தால் 0.1 மி.மீ. அளவில் ஷிம்மைக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். ‘கைக்கு டைட்டாக இருக்கிறது, போதும்’ என்று விடும் இடம் இது இல்லை.

டொயோட்டாவின் மையம் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. நக்கிளும் வேறு வண்டியிலிருந்து வந்தது. என்ன செய்வது?

கருவியை இரவல் வாங்க முடிந்தால் வாங்குங்கள், வேலை சுத்தமாக முடியும். முடியாவிட்டால், நக்கிளை நேராக நிறுத்தி, அதன் பின்வாய் விளிம்புக்கும் பந்துக்கும் இடையிலான இடைவெளியை உச்சியிலும் அடியிலும் அளந்து ஒப்பிடுங்கள். டிரில் பிட்டுகளின் தண்டுகளையே அளவுகோலாகப் பயன்படுத்தலாம். மேலே இடைவெளி அதிகமாக இருந்தால் நக்கிள் உயர்ந்து நிற்கிறது. அப்போது கீழிருந்து ஒரு ஷிம்மை எடுத்து மேலே போட்டால் நக்கிள் அந்த அளவு இறங்கும், மொத்தத் தடிமன் மாறாததால் இறுக்கமும் மாறாது. இது கருவிக்கு ஈடாகாது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

பிர்ஃபீல்ட்டை மாற்ற வேண்டுமா?

நாலு சக்கரமும் இழுக்கும் நிலையில் முழுத் திருப்பத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் தேய்ந்திருக்கிறது. கழற்றிக் கழுவி, கூண்டைச் சாய்த்து குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எது எந்தக் குழியில் இருந்தது என்று குறியிட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பிலோ கூண்டின் மூலையிலோ முடி போன்ற விரிசல் இருந்தால் அதைத் திரும்ப மாட்டக்கூடாது. குண்டு ஓடும் தடத்தில் பளபளப்பு மட்டும் இருந்தால் பரவாயில்லை. சொரசொரப்பாகச் செதில் உரிந்திருந்தால் மாற்றுங்கள்.

நடுத்தரமாகத் தேய்ந்ததற்குப் பழைய கைகள் செய்யும் ஒரு வேலை உண்டு: இடது ஜாயின்ட்டை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடுவது. உள் ஷாஃப்ட்டுகளின் நீளம்தான் வேறு, ஜாயின்ட் இரண்டு பக்கமும் ஒன்றே. முன்னோக்கிப் போகும்போது குண்டுகள் தடத்தின் ஒரே சுவரை அழுத்துகின்றன. பக்கம் மாற்றினால் அதிகம் தேயாத மறு சுவர் வேலைக்கு வரும்.

உள் சீலைப் போடும்போது எதில் கவனம்?

உதடு டிஃபரன்ஷியலை நோக்கி இருக்க வேண்டும். சம அழுத்தம் கொடுக்கும் வட்டமான எதையாவது வைத்து, சாயாமல் தட்டி இறக்குங்கள். போடும் முன் ஷாஃப்ட்டில் சீல் ஓடும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பழைய சீல் அறுத்த பள்ளம் இருந்தால், புது சீலை இடம் இருக்கிற அளவுக்குச் சற்று முன்போ பின்போ உட்கார வைத்து, உதடு புது இடத்தில் ஓடும்படி செய்யலாம்.

சீல் வீணாவது பெரும்பாலும் அதற்கு அடுத்த நிமிடத்தில். கனமான ஷாஃப்ட்டை உள்ளே தள்ளும்போது அது சாய்ந்து, ஸ்பிளைன் பற்கள் உதட்டைக் கிழித்துவிடும். உதட்டில் கிரீஸ் தடவி, ஷாஃப்ட்டின் எடையை ஒரு கையால் தாங்கி, நடுவாகவே உள்ளே கொண்டுபோக வேண்டும். முனை டிஃபரன்ஷியலைத் தொட்டபின் சற்று உருட்டினால் பற்கள் பொருந்தி உள்ளே இறங்கும். சுத்தியலைத் தொடவே வேண்டாம்.

ஸ்பிண்டிலின் வெண்கல புஷ்ஷையும் அப்போதே பாருங்கள். ஷாஃப்ட்டின் வெளிமுனையைத் தாங்குவது அது. தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் தொங்கும், மறுபடி சீல் போகும்.

பந்தில் துரு பிடித்திருக்கிறது.

மேலோட்டமான துருவை நைஸ் எமரித் தாளால் எடுத்துவிடலாம். சிறு குழிகளை எபாக்சி பூசி உருண்டையாகத் தேய்த்து ஒப்பேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், வெளி சீலுக்கு அது போதும். ஆழமாக அரித்திருந்தால் டொயோட்டாவில் சிக்கல், பந்து ஆக்சில் குழாயோடு சேர்ந்தது.

எந்த கிரீஸ், எவ்வளவு?

மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த, எண் 2 தடிமனுள்ள லித்தியம் கிரீஸ். முதலில் ஜாயின்ட்டின் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் புகும்படி உள்ளங்கையால் அழுத்தி நிரப்புங்கள். பிறகு நக்கிளின் உள்வெளியில் முக்கால் பாகம். முழுக்க அடைத்தால் சூட்டில் விரிந்து வெளி சீலைத் தள்ளிக்கொண்டு வரும். வீல் பேரிங்குக்கு சாதாரண லித்தியம் வீல் பேரிங் கிரீஸ் போதும். மாட்டியபின் நக்கிளின் மேலுள்ள பிளக்கைத் திறந்து அவ்வப்போது பாருங்கள். கிரீஸ் தளர்ந்து ஓடத் தொடங்கியிருந்தால் உள் சீல் மறுபடி கசிகிறது.

வீல் பேரிங்கை எப்படி இறுக்குவது?

ஹப்பைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டை 60 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, இரு பக்கமும் சில சுற்று சுற்றி, நட்டைக் கையால் திருப்ப முடிகிற அளவு தளர்த்தி, பிறகு லேசாக இறுக்குங்கள். வீல் ஸ்டட்டில் தராசை மாட்டி, ஹப் சுழலத் தொடங்கும் எடையைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். லாக் நட்டை இறுக்கியபின் இறுக்கம் கூடும் என்பதால் மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். கடைசியாக லாக் வாஷரின் ஒரு நாக்கை உள் நட்டின் மீதும் இன்னொன்றை வெளி நட்டின் மீதும் மடக்குங்கள்.

ஒரு பக்கம்தான் கசிகிறது. இன்னொரு பக்கத்தை விட்டுவிடலாமா?

இரண்டுக்கும் வயது ஒன்றே. ஒரு பக்கம் புது பேரிங்கின் இறுக்கம், மறுபக்கம் தேய்ந்த தளர்வு என்றால் ஸ்டியரிங் திரும்புவதே சீராக இருக்காது. இரண்டையும் செய்யுங்கள். ஆனால் ஒன்றை முழுதாக மாட்டி முடித்தபின் மற்றதைப் பிரியுங்கள். எந்த சீல் எந்த வரிசையில் இருந்தது என்று சந்தேகம் வந்தால் பிரிக்காத பக்கம் பதில் சொல்லும்.

என்னுடையது பழைய ஜீப். லேண்ட் ரோவர் என்றால்?

1941 முதல் 1945 வரை வந்த வில்லிஸ், ஃபோர்டு ராணுவ ஜீப்களில் செப்பா, பெண்டிக்ஸ், டிராக்டா, ஸ்பைசர் என்று நான்கு வகை ஜாயின்ட்டுகள் வந்தன. திறந்து பார்த்தபின் ஜாயின்ட்டுக்கான சாமானை வாங்குவதே புத்திசாலித்தனம். நக்கிள் திரும்பும் அச்சான கிங் பின்னும் பேரிங்கும் ஷிம்மும் செய்யும் வேலை மேலே சொன்னதேதான்.

லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் பந்து தனியாக போல்ட்டில் பூட்டியது. குரோம் உரிந்து துருப்பிடித்தால் பந்தையே மாற்றிவிடலாம், அந்த வகையில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் அந்த நக்கிளுக்குள் கிரீஸ் கிடையாது, இபி 90 கியர் ஆயில். ஆகவே பந்தின் வழவழப்பும் வெளி சீலும் அங்கே கூடுதல் முக்கியம். கீழே டேப்பர் பேரிங், மேலே பேரிங்குக்குப் பதில் ரெயில்கோ புஷ்.

எல்லாம் மாட்டியாயிற்று. வண்டியை எடுக்கலாமா?

டிஃபரன்ஷியல் ஆயில் அளவைப் பாருங்கள், குறைந்திருக்கும். ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டுகளைச் சரிபாருங்கள். அவை குட்டையாக இருந்தால் சக்கரம் வரம்புக்கு மேல் திரும்பி, பிர்ஃபீல்ட் தாங்காத கோணத்தில் இழுபட்டு உடையும். முழுத் திருப்பத்தில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, டயரில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். டை ராட்டைக் கழற்றியதால் டோ இன் (முன் சக்கரங்கள் முன்புறம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) அளந்தாக வேண்டும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஸ்டியரிங் ஆர்ம் நட்டுகளையும் கீழ் மூடி நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி இறுக்குங்கள். கூம்பு வாஷர்கள் ஓட்டத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்காரும், நட்டு தளரும். தளர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் ஸ்டட்டுகள் ஒவ்வொன்றாக அறுந்து, ஆர்மே நக்கிளைவிட்டுக் கழன்றுவிடும். அப்போது ஸ்டியரிங் சக்கரம் கையில் இருக்கும், வண்டி உங்கள் சொல்பேச்சைக் கேட்காது. பெரிய டயர் மாட்டியவர்கள் இந்தச் சோதனையை ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் செய்ய வேண்டும்.